கரண்டைப் பிடித்து வைக்கிறவர்

காஞ்சிபுரத்தில் பட்டைப் பற்றிக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட நின்று பதில் சொல்லும். கோயிலைப் பற்றிக் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டுவார்கள். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் நின்று, கரண்டை எப்படிப் பிடித்து வைப்பது என்று கேட்டிருந்தால் எல்லோருடைய கையும் ஒரே பக்கம்தான் நீண்டிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெரு முனையில், தகரக் கூரை போட்ட கடையில் உட்கார்ந்திருந்த கோதண்டபாணியைத்தான் காட்டியிருப்பார்கள். பேட்டரிக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

பிறந்தது திருப்புட்குழிப் பக்கம். அப்பாவுக்கு இருந்த நிலம் மூத்த பிள்ளைகளுக்கே போதாமல் போனதால், கடைக்குட்டியான இவரை ராணிப்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் எஞ்சினைக் கண்டு மயங்கினால் இவர் பேட்டரியைக் கண்டு மயங்கினார். சத்தம் போடாமல், ஆட்டம் அசைவு இல்லாமல், ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இவ்வளவு பலம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை ஆச்சரியம்தான். கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் விளக்கமும் அப்படித்தான் இருக்கும்.

"கரண்டுக்குச் சும்மா நிக்கத் தெரியாதுபா. ஓடிக்கினே இருக்கும். அத்த ஒரு எடத்துல குந்த வெக்கிறதுதான் என் வேல" என்பார்.

லாரிக்காரர்கள் வருவார்கள், டாக்சிக்காரர்கள் வருவார்கள், மைக் செட் வைத்திருப்பவர்கள் வருவார்கள். கரண்டு எட்டாத கிராமங்களிலிருந்து ரேடியோ பேட்டரியைச் சைக்கிளில் கட்டி எடுத்து வருவார்கள். காலியாக வைத்துவிட்டு, நிறைந்ததும் எடுத்துப் போவார்கள். தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசியதும் கோதண்டபாணி செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு பேட்டரியின் மூடிகளையும் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது. குறைந்திருந்தால் மூக்கு வைத்த கண்ணாடிக் கூஜாவிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றுவார். குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி தேவகி கேலி செய்வாள்.

தெருவில் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. பேட்டரியில் இருப்பது ஆசிட். அது துளி பட்டாலும் துணி பொத்துப்போகும். அவருடைய சட்டைகள் எல்லாமே சல்லடைதான். அந்தத் தெருவிலோ காலை வேளையில் தறிக்கான பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள். பட்டும் ஆசிட்டும் ஒரே தெருவில் குடியிருந்தால் எப்படி? எதிர்வீட்டுச் சபாபதிதான் அதிகம் பயந்தவர். பரம்பரையாகத் தறி நெய்பவர். வீட்டுக்குப் பின்னால் சாயக் கொட்டகையும் கிணறும் உண்டு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சாயம் போட்டால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு வரும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கோதண்டபாணி பேட்டரியோடு வருவதைக் கண்டால் தூரத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "பாணி, பின்னால சந்து வழியா போய்டுபா" என்பார். இவரும் முகம் சுளிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். சண்டை என்று எதுவும் இல்லை. ஒருத்தர் வீட்டுக்குள் மற்றவர் காலெடுத்து வைத்ததும் இல்லை.

சபாபதியிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கும்பிட்டு அனுப்பிவிட்டாலும், தறியை விட்டு எழுந்த நேரமெல்லாம் வாசலில் நின்று, கோதண்டபாணி மூடி திறந்து தண்ணீர் ஊற்றுவதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீரை வைத்து வேலை செய்கிறவர் அல்லவா, அவருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் தண்ணீர்தான்.

தேவகி திருமுக்கூடல்காரி. வாயாடி, நல்ல சிரிப்புக்காரி. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் வயிற்றில் தங்கியது எதுவும் கைக்கு வரவில்லை. இரண்டு முறை பாதியிலேயே கலைந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. ஊர்க்காரிகள் சொன்ன கோயிலுக்கெல்லாம் போய் வந்தாள். கோதண்டபாணியும் கடையை மூடிவிட்டுக் கூடவே போனார். அவருக்குப் பிள்ளை வேண்டும் என்பதைவிட, அவள் பழையபடி கேலி பேச வேண்டும் என்பதுதான் பெரிய ஏக்கம். அதை யாரிடம் சொல்வது? பேட்டரிகளிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

மூன்றாவது தங்கியது. தங்கியதே தவிர, மாதம் நிறையும்வரை பொறுக்கவில்லை. ஐப்பசி அடைமழையில், எட்டாம் மாதம் தொடங்கிய கையோடு வலி எடுத்துவிட்டது. ரிக்‌ஷாவில் தார்ப்பாய் போட்டு மூடி, தெரிந்த ஒரு சின்னப் பிரசவ விடுதிக்குக் கொண்டுபோனார். பெண் குழந்தை. இரண்டு கையையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் உடம்பு. அழுகை என்று சொல்ல முடியாது, ஒரு முனகல். நர்ஸ் லில்லி குழந்தையைத் துடைத்துப் பஞ்சில் சுற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தாள். மேலே கண்ணாடி, உள்ளே ஓரத்தில் பல்பு. மாதம் நிறையாத குழந்தைகளுக்கென்று அவளே ஆசாரியிடம் சொல்லிச் செய்த பெட்டி அது. பல்பின் சூட்டில்தான் குழந்தை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றைக்குப் பிற்பகல் காற்றில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, ஊர் முழுக்கக் கரண்டு போனது. கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கரண்டு வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

லில்லி வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிக் குழந்தையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் சுட்டது, பிறகு ஆறியது. சூடு ஏறி இறங்கினால் இந்த உடம்பு தாங்காது, ஒரே சீராக இருக்க வேண்டும் என்றாள். கோதண்டபாணி அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கடைக்கு ஓடினார்.

தீபாவளி நேரம், வாடிக்கைக்காரர்கள் தங்கள் பேட்டரிகளை எடுத்துப் போயிருந்தார்கள். தேறியது மூன்றுதான். அவற்றைக் கொண்டுவந்து, கார் ஹெட்லைட் பல்பு இரண்டைப் பெட்டிக்குள் பொருத்தி, கட்டிலுக்கு அடியில் பேட்டரியை வைத்து இணைத்தார். வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சூடும் வந்தது. லில்லி பெட்டிக்குள் வைத்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்து, போதும் என்று தலையாட்டினாள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த தேவகி, கண்ணாடி வழியாகத் தெரிந்த அந்த மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அணைஞ்சிடாதில்ல?" என்று கேட்டாள்.

"நான் இருக்கசொல்ல எப்டி அணையும்?" என்றார் அவர். சொல்லிவிட்டாரே ஒழிய, அவருக்கே நம்பிக்கை இல்லை. பேட்டரி வற்றாத கிணறு இல்லை. எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப நிறைக்கக் கரண்டு வேண்டும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அதற்கும் வழி கண்டுபிடித்தார். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு நெல் மில்லில் ஆயில் எஞ்சின் இருந்தது. லாரி டைனமோ ஒன்றை அதன் பெல்ட்டில் மாட்டி, அங்கேயே சார்ஜ் ஏற்றினார். ஒன்று கட்டிலுக்கு அடியில் எரிய, மற்றவை மில்லில் நிறையும். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரே போனார், அவரே வந்தார். தூக்கம் கிடையாது. சோறு தின்றாரா என்று கேட்க வேண்டியவளும் படுக்கையில் இருந்தாள்.

மழை சற்று விட்ட ஒரு காலையில் சபாபதி வந்தார். விடுதி வாசலில் தயங்கி நின்று, பெட்டிக்குள் கிடந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு கோதண்டபாணியின் கண்களைப் பார்த்தார். அவை கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. காலியாகக் கிடந்த இரண்டு பேட்டரிகளையும் தானே மில்லுக்குக் கொண்டுபோய் நிறைத்து வருவதாகவும், இவர் குழந்தை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வாழ்நாளெல்லாம் பேட்டரியைக் கண்டால் பத்தடி தள்ளி நின்ற மனிதர், ரிக்‌ஷாக்காரனோடு சேர்ந்து அவற்றைக் கையால் தூக்கி வைத்தார். கோதண்டபாணி குழந்தையின் பெட்டியோரம் சாய்ந்து கண்ணை மூடினார்.

மாலை மங்கும்போது பேட்டரிகள் திரும்பி வந்தன. எரிந்துகொண்டிருந்த பேட்டரி அதற்குள் களைத்துப்போய், பல்புகள் மங்கத் தொடங்கியிருந்தன. கோதண்டபாணி வந்ததில் ஒன்றை எடுத்து இணைத்தார். பல்புக் கம்பி லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான். மற்றதை மாட்டினார். அதில் அந்தச் சிவப்புகூட வரவில்லை. மூடியைத் திறந்து, அளவு பார்க்கும் கண்ணாடிக் குழலை விட்டு உறிஞ்சினார். மேலே எழ வேண்டிய மிதவை அடியிலேயே கிடந்தது. விரலை உள்ளே நனைத்து நாக்கில் வைத்தார். பட்டறையில் பழகியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆசிட் நாக்கைச் சுருக்கென்று கடிக்கும். இது கடிக்கவில்லை. குடிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. நல்ல, தித்திப்பான தண்ணீர்.

நிமிர்ந்து பார்த்தார். சபாபதி தலை முதல் கால்வரை நனைந்து, முகமெல்லாம் எதிர்பார்ப்போடு நின்றிருந்தார்.

"உள்ள இருந்த தண்ணியெல்லாம் சக்கையாப் பூட்டுதுபா. சாயம் எறங்கின தண்ணிய வெச்சிக்கினு இன்னா பண்றது? அத்தனையும் கவுத்துட்டு, நம்ம கெணத்துத் தண்ணி புச்சா ரொப்பி எட்த்துக்கினு போனேன். அதுக்கு மேல ஒசத்தித் தண்ணி இந்த ஊர்ல கெடையாது" என்றார்.

சாயக்காரர் கணக்கு அவருக்குச் சரி. ஒரு பிடி பட்டுக்குச் சாயம் ஏறிவிட்டால் சட்டியில் மிஞ்சிய தண்ணீர் வீண். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்துத்தான் அடுப்பேற்ற வேண்டும். பேட்டரியையும் ஒரு சாயச் சட்டியாக நினைத்துவிட்டார். கரண்டு இறங்கிய தண்ணீரை வீசிவிட்டு, தன் வீட்டில் இருப்பதிலேயே சிறந்ததை ஊற்றியிருக்கிறார். வேறெந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது. பேட்டரியின் உயிரான ஆசிட் சாயக் கொட்டகை வாய்க்காலில் போய்விட்டது. புதிதாக ஊற்றக் கடையில் ஆசிட் இருந்தாலும், அது ஊறிச் சார்ஜ் ஏற மறுபடி ஒரு பகல் பொழுது ஓட வேண்டும். குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதன் உதடு ஏற்கெனவே வெளிறிக்கொண்டு வந்தது. லில்லி வெந்நீர் வைக்க ஓடினாள்.

கோதண்டபாணிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்தும் விட்டார். எழுந்தவர் கண்ணில் சபாபதியின் கைகள் பட்டன. பேட்டரியைக் கவிழ்த்தபோது ஆசிட் விரல்களின் மேலேயே ஓடியிருக்கிறது. எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டையும் தூக்கிச் சுமந்திருக்கிறார். விரல் நுனிகள் வெந்து, தோல் சுருண்டு நின்றது. பட்டு நெய்பவருக்கு விரல்தான் எல்லாம். சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் இழை மாட்டிக்கொண்டு அறுந்துபோகும். இந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் இனி மாதக்கணக்கில் பாவு நூலைத் தொட முடியாது. அது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

கோதண்டபாணியின் கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"பேட்டரிங்க ரொம்பப் பழசுண்ணே, அதான் நிக்க மாட்டேங்குது. நீங்க சிஸ்டராண்ட கையக் காட்டி மருந்து போட்டுக்குங்க. தோ வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடினார்.

லாரி நிறுத்தத்தில் தாவீது என்ற டிரைவர் இருந்தான். வெள்ளத்தில் ரோடு அறுத்துக்கொண்டதால் அரக்கோணத்துக்குத் திரும்ப முடியாமல், லாரிக்குள்ளேயே படுத்துச் சலித்துப்போயிருந்தான். அவன் பேட்டரிக்கு உயிர் கொடுத்ததே கோதண்டபாணிதான் என்பதால் மரியாதையாக எழுந்து உட்கார்ந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் பேச்சே வளர்க்கவில்லை. ஊர் போய்ச் சேர வைத்திருந்த எண்ணெய் வண்டியில் இருந்தது. லாரியைப் பின்னுக்கு எடுத்து, சந்துக்குள் திருப்பி, விடுதியின் சுவரை ஒட்டி நிறுத்தினான். கோதண்டபாணி வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். எஞ்சின் உறுமியது. பெட்டிக்குள் இரண்டு பல்புகளும் பளிச்சென்று எரிந்தன.

லாரி நிற்கவே இல்லை. சத்தத்தில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை. ஒருத்தரும் குறை சொல்லவும் இல்லை. எண்ணெய் தீருகிற நேரத்துக்குத் தாவீது எங்கெங்கோ போய்ப் பக்கத்து வண்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்து ஊற்றினான். அதற்குள் கோதண்டபாணி பேட்டரிகளுக்குப் புது ஆசிட் ஊற்றி, மில்லில் ஏற்றி, நிறைத்து எடுத்துவந்தார். கரண்டு வந்த அன்றைக்குக் குழந்தை முதல் தடவையாக வீறிட்டு அழுதது. அதைக் கேட்டுத் தேவகி சிரித்தாள். "அப்பனாட்டம் இல்லபா, சத்தமா பேசுது" என்றாள். கோதண்டபாணி வராந்தாவுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதுவிட்டு வந்தார்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. தெருவே வந்து பார்த்தது. சபாபதியின் மனைவி கலாவதி வந்தாள், குழந்தைக்குக் காப்பு போட்டாள். சபாபதி மட்டும் வரவில்லை. தறிச் சத்தமும் எதிர்வீட்டிலிருந்து வரவில்லை. கை ஆறாததால் வருத்தமாக இருப்பார் என்று கோதண்டபாணி நினைத்துக்கொண்டார். வாசலில் கண்டால் சபாபதி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார். கலாவதிதான் ஒருநாள் தேவகியிடம் உடைத்துச் சொன்னாள். பேட்டரிகளுக்குப் புது ஆசிட் ஊற்ற வேண்டிவந்ததை அறிந்த நெல் மில்காரர், சபாபதியைக் கோயிலில் பார்த்து, பேட்டரியில் பச்சைத் தண்ணீரை ஊற்றி எடுத்துவந்த ஆள் நீங்கள்தானே என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து இந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

கேட்ட மாத்திரத்தில் கோதண்டபாணி கடையை மூடினார். உடம்பு தேய்த்துக் குளித்தார். பெட்டியிலிருந்து ஆசிட் படாத கல்யாண வேட்டி சட்டையை எடுத்து உடுத்திக்கொண்டார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தேவகியோடு தெருவைக் கடந்து, முதல் தடவையாகச் சபாபதி வீட்டுப் படியேறினார்.

சபாபதி ஓடாத தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழப் போனார். முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வார்த்த சொல்லலியேபா நீ. உன் கொயந்த உசுர எட்த்துருப்பேனே, பாணி" என்றார்.

கோதண்டபாணி குனிந்து குழந்தையை நீட்டினார். சபாபதி கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தோல் உரிந்து, புதுத் தோல் இன்னும் ஒட்டாத கைகள் அவை.

"வாணாம்பா. கை முள்ளாட்டம் இருக்குது. கொயந்தைக்குக் குத்தும்."

"இவளுக்கோசரம் வெந்த கைண்ணே இது. இந்தக் கை தூக்காம வேற எந்தக் கை தூக்கும்? புடிங்க" என்றார் கோதண்டபாணி.

சபாபதி வேட்டித் தலைப்பை மடியில் விரித்தார். குழந்தையை அதில் கிடத்தியதும், அது கொஞ்சம் நெளிந்து, முகத்தைச் சுளித்து, அவர் உள்ளங்கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்கிப்போனது. கலாவதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வாசலில் யாரோ நூல்காரர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சபாபதி காப்பியைத் தொடவில்லை, நூல்காரருக்குக் குரலும் கொடுக்கவில்லை. குழந்தை விழிக்கும்வரை அந்தக் கையை அவர் அசைக்கவே இல்லை.